ஐப்பசி மழைக்கு எந்த மசாலாத் தேயிலை?

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் காரைக்குடி வீட்டில் மதியம் மூன்று மணிக்கே முற்றம் இருட்டிக்கொண்டு வரும், நாலு மணிக்கு ஓட்டுச் சரிவிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்ததும் வளவில் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் டீ ஞாபகம் வந்துவிடும். ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த இந்த இரண்டு மாதத்துக்குத்தான் பழந்தமிழில் கூதிர் என்று பெயர். வெயில் காலத்தில் கடனே என்று குடிக்கிற அதே டீ, இந்த வாடைக்காற்றில் பட்டையும் ஏலக்காயும் சேர்ந்து வந்தால் வேறு பொருளாகிவிடுகிறது. அதனால் மற்ற மாதங்களில் எப்படியோ, கூதிருக்கு வீட்டில் என்ன தேயிலை வைத்துக்கொள்வது என்று ஒவ்வொரு வருஷமும் யோசித்துத்தான் வாங்குவேன்.

இந்த முறை யோசனை நீண்டுவிட்டது. தங்கச்சி மகள் தீபாவளிக்கு லண்டனிலிருந்து வரும்போது நூறு கிராம் டின் ஒன்று கொண்டுவந்தாள். அங்கே செப்டம்பர் பிறந்ததும் இலையுதிர் காலத்துக்கென்றே பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் சேர்த்த தேயிலை கடைக்கு வந்துவிடுமாம். “அம்மான், இதைக் குடிச்சுப் பாருங்க, அப்புறம் நம்ம மசாலா டீயத் தொடமாட்டீங்க” என்றாள். வீட்டில் ஏற்கெனவே கடையில் வாங்கிய மசாலா டீ பாக்கெட் ஒன்று பாதி இருந்தது. குன்னூர் போய்வந்த நண்பர் கொடுத்த நீலகிரி இலைத் தேயிலையும் இருந்தது. சரி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்து முடிவெடுப்போம் என்று பத்து நாள் சாயங்காலம் இதே வேலையாக இருந்தோம். நான், மனைவி, அந்தப் பெண், அப்பத்தா, நாலு பேர். நிறம் தெரிய வேண்டும் என்பதால் எவர்சில்வரை விட்டுவிட்டுக் கண்ணாடித் தம்ளர்.

முதலில் டின். மூடியைத் திறந்ததும் பட்டை வாசம் முகத்தில் அடிக்கிறது, அதில் ஆரஞ்சு மிட்டாய் வாசமும் கலந்திருக்கிறது. கையில் கொட்டிப் பார்த்தால் மெல்லிசான கறுப்பு இலை, நடுநடுவே ஆரஞ்சுத் தோல் துணுக்கு, பட்டைச் சில்லு, ரெண்டு மூணு கிராம்பு. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் டின்னின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ‘ஃபிளேவரிங்’ என்று ஒரு சொல் இருந்தது, அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம். ஒரு தட்டில் கொட்டி, இலையைத் தனியாகவும் தோல், பட்டை, கிராம்பைத் தனியாகவும் பொறுக்கினேன். இலை மட்டும் ஒரு தம்ளரில், மசாலாத் துணுக்குகள் மட்டும் இன்னொரு தம்ளரில், ரெண்டிலும் கொதித்த தண்ணீர், ஐந்து நிமிஷம். இலை மட்டும் போட்ட தம்ளரில் பட்டையும் ஆரஞ்சும் கமகம என்று அப்படியே வந்தது. துணுக்குகள் போட்ட தம்ளரில் லேசான மஞ்சள் தண்ணீர்தான், மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் ஏதோ இருக்கிறது என்று தெரியும், அவ்வளவே. அதாவது வாசம் இலைமேல் தெளித்த எண்ணெயிலிருந்து வருகிறது, துணுக்குகள் பெரும்பாலும் கண்ணுக்குத்தான்.

இதைத் தப்பு என்று சொல்ல வரவில்லை. தேயிலைக்குப் பக்கத்தில் இருக்கும் வாசத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு, அதை வைத்துத்தான் சீனாவில் மல்லிகைப் பூவோடு சேர்த்துவைத்து மல்லிகைத் தேநீரே செய்தார்கள். ஏர்ல் கிரே என்பதும் பெர்கமாட் என்ற எலுமிச்சைச் சாதிப் பழத்தோலின் எண்ணெய் சேர்த்த தேயிலைதான். என்னுடைய குறை வேறு. முதல் தம்ளர், பால் இல்லாமல், ஒரு சிட்டிகை சர்க்கரையோடு குடித்தபோது நன்றாகவே இருந்தது, மழைக்கு இதமாக. பாதி இறங்கியதும் வாசம் பழகிவிடுகிறது, அப்போது அடியில் டீ என்று ஒன்று இருக்க வேண்டுமே, அது இல்லை. துவர்ப்பும் இல்லை, குடித்த பிறகு நாக்கில் நிற்கும் அந்தத் தெம்பும் இல்லை. பால் ஊற்றிப் பார்த்தோம், ஆரஞ்சு வாசமும் பாலும் ஒன்றோடொன்று சேரவே இல்லை. அதே இலையில் ரெண்டாவது முறை தண்ணீர் ஊற்றினால் வெறும் நிறம். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் மிட்டாய் வாசம் போகவில்லை, மறுநாள் அதில் மோர் குடித்த அப்பத்தா முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

இன்னொன்று விலை. தம்ளருக்கு இரண்டரை கிராம் என்று வைத்தால் நூறு கிராமுக்கு நாற்பது தம்ளர். அவள் சொன்ன விலைக்கு இங்கே அரைக் கிலோ நல்ல நீலகிரி இலை வாங்கலாம்.

அடுத்து கடை மசாலா டீ பாக்கெட். நம் ஊரில் பத்து வீட்டில் எட்டு வீடு குடிப்பது சிடிசி தேயிலைதான். இலையை உருளைகளுக்கு நடுவே நசுக்கி, கிழித்து, சுருட்டி மணி மணியாக்குவது. 1930 வாக்கில் அசாமில் வந்த முறை. இலை நைந்துபோவதால் சாறு சீக்கிரம் இறங்கும், நிறமும் கடுப்பும் ரெண்டே நிமிஷத்தில் வரும், பாலுக்கு ஈடுகொடுக்கும். அதனால்தான் டீக்கடைப் பாய்லருக்கு அது பொருந்தியது. மசாலா டீ பாக்கெட் என்பது இதனோடு ஏலக்காய், சுக்கு, மிளகு, கிராம்பு, பட்டை பொடித்துக் கலந்தது. அடுப்பில் பாலும் தண்ணீரும் கொதிக்கும்போது ரெண்டு கரண்டி போட்டால் வேலை முடிந்தது. வீட்டுக்குத் திடீரென்று பத்துப் பேர் வந்து நிற்கும் நாளில் இதை விட்டால் வேறு வழி இல்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ருசி பார்க்க உட்கார்ந்தால் குறை தெரிந்துவிடுகிறது. ஏலக்காயின் வாசம் பொடித்த நாளிலிருந்தே பறந்துபோக ஆரம்பிக்கும். பொடித்து, அடைத்து, லாரி ஏறி, கடையில் உட்கார்ந்து நம் வீட்டுக்கு வரும்போது ஏலக்காய் போயிருக்கும், சுக்கும் மிளகும் மட்டும் தங்கியிருக்கும், ஏனென்றால் காரம் அவ்வளவு சீக்கிரம் ஆவியாவதில்லை. குடித்தால் தொண்டையில் எரிச்சல் இருக்கிறது, மூக்குக்கு ஒன்றும் இல்லை. அடியில் பட்டைத்தூள் வழவழவென்று தங்கிவிடுகிறது, கடைசி மடக்கு யாருக்கும் இறங்கவில்லை. ஐந்தாவது நாள் நான் அதே விலைக்குச் சாதா சிடிசி வாங்கி, இடிகல்லில் ரெண்டு ஏலக்காயும் ஒரு துண்டு சுக்கும் அப்போதே தட்டிப் போட்டுக் கொடுத்தேன், பாக்கெட்டைப் பிறகு யாரும் கேட்கவில்லை. ஆகவே இந்தப் போட்டியில் பாக்கெட் முதலிலேயே வெளியே போனது. பால் டீ வேண்டும் என்றால் வெறும் சிடிசி, கையோடு தட்டிய மசாலா, அவ்வளவுதான்.

பச்சை இஞ்சி போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலில் நேராக இஞ்சியைத் தட்டிப் போட்டால் சில நாள் பால் திரிந்துவிடும், அது பாலின் குற்றம் இல்லை. பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. இஞ்சியைத் தண்ணீரில் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டு அப்புறம் பால் ஊற்றினால் அது செயலிழந்துவிடும். கருப்பட்டி போடுவதாக இருந்தாலும் இறக்கிவைத்த பிறகு போடுங்கள்.

இனி நீலகிரி இலை. இது சிடிசி இல்லை, ஆர்த்தடாக்ஸ் என்கிற பழைய முறையில் வாட்டி, முறுக்கி, புளிக்கவைத்து, காயவைத்த முழு இலை. நீலகிரியிலும் இப்போது அதிகம் விளைவது சிடிசிதான், அதனால் வாங்கும்போது இலையா மணியா என்று கேட்டு வாங்க வேண்டும். கையில் எடுத்தால் முறுக்கின கம்பி மாதிரி இருக்கும். ஐயா காலத்து எனாமல் கெட்டிலில் ஒரு கை போட்டு, வெந்நீர் ஊற்றி மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தோம், முறுக்கு ஒவ்வொன்றாகப் பிரிந்து, நாலாவது நிமிஷம் நரம்போடு முழு இலையே மிதந்தது, தங்கச்சி மகள் அதை விரலில் எடுத்து விரித்துப் பார்த்தாள். நிறம் செம்பு. வாசம் லேசாகப் பூ மாதிரி. துவர்ப்பு உண்டு, ஆனால் நாக்கைப் பிடித்து இழுக்காது.

மசாலா டீக்கு இந்த இலை எதற்கு என்று என் மனைவியே கேட்டாள், நல்ல இலையை மசாலா போட்டுக் கெடுப்பானேன் என்று. நான் நினைப்பது நேர்மாறு. மசாலா டீயில் மசாலா எதுவோ, அது ரெண்டாம் பட்சம். அடியில் இலை நிற்க வேண்டும், அதன்மேல்தான் மசாலா உட்காரும். டின்னில் நடந்தது இலை இல்லாத வாசம், பாக்கெட்டில் நடந்தது இலை இல்லாத காரம்.

முதல் நாள் இலை, பட்டை, கிராம்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டேன். கசப்பு. இலைக்கு மூன்று நாலு நிமிஷத்துக்கு மேல் ஆகாது, பட்டைக்கோ கொதித்தால்தான் சாறு இறங்கும், ரெண்டுக்கும் ஒரே நேரம் சரிப்படாது. மறுநாள் பிரித்தேன். நாலு தம்ளருக்கு, ஒரு விரல்கணு நீளப் பட்டை, ஒரு கிராம்பு, அன்னாசிப்பூவில் ஒரே ஒரு இதழ், சுண்டைக்காய் அளவு சுக்கு, இவற்றைத் தண்ணீரில் போட்டு மூடி ஐந்து நிமிஷம் கொதிக்கவிட வேண்டும். இறக்கும்போது ரெண்டு ஏலக்காயைத் தோலோடு நசுக்கிப் போட்டு, ஒரு அரை நிமிஷம் விட்டு, கெட்டிலில் இருக்கும் பத்து கிராம் இலைமேல் ஊற்ற வேண்டும். நாலு நிமிஷம். வடிகட்டிவிட வேண்டும், இலையை உள்ளேயே விட்டால் துவர்ப்பு ஏறிக்கொண்டே போகும். கிராம்பில் கை நீளக் கூடாது, ரெண்டு போட்ட அன்று நாக்கு லேசாக மரத்துப்போய் டீயே தெரியவில்லை, அதில் இருக்கும் யூஜினால்தான் காரணம், பல்வலிக்குக் கிராம்பு வைக்கிறோமே, அதே சங்கதி. அன்னாசிப்பூ நம் பக்கத்துக் குழம்புக்குப் பழகின சாமான், அதில் உள்ள இனிப்பு வாசமும் சோம்பில் உள்ளதும் ஒரே பொருள், அனெத்தோல். இதழுக்கு மேல் போனால் டீ குருமா வாசம் வீசும்.

அன்று மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. முதல் மடக்கில் ஏலக்காய், நடுவில் பட்டையின் இனிப்பு, விழுங்கின பிறகு கடைசியாக இலையின் துவர்ப்பு வந்து நின்றது. சர்க்கரை போடவே தோன்றவில்லை. அப்பத்தா மட்டும் ஒரு கடி கருப்பட்டி கேட்டார். கொழும்புக் கடையில் இருந்து திரும்பிய ஐயா கடைசிவரை பால் இல்லாத பிளேன் டீதான் குடிப்பார், கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு. அதே மாதிரி அப்பத்தாவும் கடித்துக்கொண்டு, ரெண்டு தம்ளர் குடித்தார். அதே இலையில் ரெண்டாம் தண்ணீரும் ஊற்றினோம், மசாலா குறைந்து இலை கூடுதலாகத் தெரிந்தது, எனக்கு அதுதான் இன்னும் பிடித்தது.

லண்டன் டின்னில் எனக்குப் பிடித்த ஒரே சமாசாரம் ஆரஞ்சு. அதை வீட்டில் செய்யலாமே என்று கமலா ஆரஞ்சுத் தோலின் உள் வெள்ளையைச் சுரண்டி எடுத்துவிட்டுக் காயப்போட்டேன், ஐப்பசி மழையில் நாலாம் நாள் பூஞ்சணம் பூத்துவிட்டது. புரட்டாசி வெயிலிலேயே காயவைத்திருக்க வேண்டும். பதிலுக்கு நார்த்தங்காய்த் தோலைச் சீவிப் போட்டுப் பார்த்தோம், வாசம் அருமை, கசப்பு தாங்கவில்லை. கொதிக்கவிடாமல், வடிகட்டின தம்ளரில் பச்சைத் தோல் ஒரு சீவல் மட்டும் மிதக்கவிட்டு எடுத்தால் கசப்பு இறங்காமல் வாசம் மட்டும் வருகிறது. அது மட்டும் எங்கள் வீட்டில் இனி நிலைத்துவிடும்.

பட்டை பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், தினமும் குடிக்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். மளிகைக் கடையில் பட்டை என்று கேட்டால் தடிமனாக, ஒற்றைச் சுருளாக, உடைக்கக் கை வலிக்கிற மாதிரி கொடுப்பது பெரும்பாலும் காசியா. பிரியாணிக்கும் குழம்புக்கும் அது போதும். இலங்கைப் பட்டை என்கிற அசல் கருவாப்பட்டை வேறு, காகிதம் மாதிரி மெல்லிய தோல்கள் பல அடுக்காகச் சுருட்டி சுருட்டு மாதிரி இருக்கும், விரலால் நொறுக்கலாம். காசியாவில் கூமரின் என்ற பொருள் மிக அதிகம், அளவு மீறினால் கல்லீரலுக்கு ஆகாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.1 மில்லிகிராம்தான் வரம்பு என்று வைத்திருக்கிறது. அசல் பட்டையில் கூமரின் மிகக் கொஞ்சம்தான். மழைக்காலம் முழுக்க தினம் ரெண்டு வேளை குடிப்பதாக இருந்தால் விலை கூடினாலும் அசல் பட்டையை வாங்குங்கள், வாசமும் மென்மை, இலையை அமுக்காது. ஏலக்காய்க்கு நமக்குக் கவலை இல்லை, ஏல மையமே போடிநாயக்கனூரில் இருக்கிறது, பச்சை நிறம் மாறாத, குலுக்கினால் விதை ஆடாத காயாகப் பார்த்து எடுத்தால் சரி.

தண்ணீரைச் சொல்லாமல் விட முடியாது. முதல் ரெண்டு நாள் ஆழ்குழாய்த் தண்ணீரில் போட்டோம், மூன்று டீயுமே மங்கலாக, மேலே எண்ணெய் மாதிரி மினுங்கும் ஓர் ஆடையோடு வந்தன. உப்புத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் தேயிலைச் சாறும் சேர்ந்து கட்டுகிற படலம் அது. மூன்றாம் நாள் முற்றத்து ஓட்டில் முதல் மழை கழுவிப்போன பிறகு அண்டாவில் பிடித்த மழைத் தண்ணீரை வடிகட்டிக் காய்ச்சிப் போட்டோம். அதே இலை, அதே அளவு, நிறமே பளிச்சென்று மாறிவிட்டது. சம்பை ஊற்றுத் தண்ணீரும் அப்படித்தான், எங்கள் ஊர்க்காரர்கள் அதன் ருசியை ஏன் அவ்வளவு பேசுகிறார்கள் என்பது பால் இல்லாத டீயில் தெரியும்.

சுக்குமல்லி போதாதா என்று அப்பத்தா ஆரம்பத்திலேயே கேட்டார். சளி பிடித்த நாளுக்கு, ராத்திரி படுக்கப் போகும் முன் குடிக்க, அதுதான் சரி, அதில் தேயிலை இல்லாததால் தூக்கமும் கெடாது. ஆனால் நாலு மணி மழைக்கு மனசு கேட்பது டீயை.

ஆக, எதை வாங்குவது என்று கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது பால் ஊற்றுவீர்களா என்பதுதான். பால் என்றால் நல்ல இலைக்குச் செலவழிக்காதீர்கள், பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், நீலகிரி இலையின் பூ வாசம் அதற்குள் அமுங்கிவிடும், சாதா சிடிசியும் இடிகல்லும் போதும். பால் இல்லை என்றால் ஆர்த்தடாக்ஸ் இலையும் தனியாக வாங்கிய முழு மசாலாவும். வாசம் சேர்த்த டின், யாராவது அன்பாகக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு விருந்துக்குத் திறக்கலாம், காசு கொடுத்து நான் வாங்கமாட்டேன். ரெண்டும் குடிக்கிற எங்கள் மாதிரி வீட்டில் ரெண்டு டப்பா வைத்துக்கொள்ள வேண்டியதுதான், கால் கிலோ இலை, அரைக் கிலோ சிடிசி. கால் கிலோ இலைக்கு நூறு தம்ளர், ரெண்டாம் தண்ணீரையும் சேர்த்தால் மார்கழியில் பிள்ளையார் நோன்பு வரை தாராளமாக ஓடும்.

வாங்கியதைக் காப்பாற்றுவதுதான் இந்த ஈரக்காற்றில் பெரிய வேலை. போன வருஷம் ஒரு கடையில் சில்லறையாக வாங்கிய இலை பெருங்காய வாசம் அடித்தது, பக்கத்து டப்பாவில் என்ன இருந்ததோ. இலை எல்லா வாசத்தையும் இழுக்கும் என்று சொன்னேனே, நல்ல வாசம் கெட்ட வாசம் என்ற வித்தியாசம் அதற்குக் கிடையாது. வாங்கும் முன் ரெண்டு இலையை விரலில் நசுக்கிப் பாருங்கள், சடசடவென்று உடைய வேண்டும், வளைந்தால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். மசாலா அலமாரியில் வைக்காதீர்கள், குளிர்சாதனப் பெட்டியும் வேண்டாம், இறுக்கமான தகர டப்பா, வெளிச்சம் படாத இடம். நான் அந்த டப்பாவுக்குள் விதை எடுத்த ஏலக்காய்த் தோல் நாலைப் போட்டு வைக்கிறேன், ரெண்டு வாரத்தில் இலையே ஏலக்காய் வாசம் பிடித்துக்கொள்கிறது.

தங்கச்சி மகள் ஊருக்குக் கிளம்பும்போது நூறு கிராம் நீலகிரி இலையும், சுருட்டுப் பட்டையும், போடி ஏலக்காயும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தேன். லண்டன் குழாய்த் தண்ணீர் நம் ஆழ்குழாய்த் தண்ணீர் மாதிரிக் கடினமானது, அதனால் வடிகட்டியில் ஊற்றி எடுத்த தண்ணீரில் போடு, அப்படியும் நிறம் வரவில்லை என்றால் நாலுக்குப் பதில் ஐந்து நிமிஷம் விடு என்று எழுதி, கிராம்பு ஒன்றே ஒன்று என்பதை அடிக்கோடிட்டு, ஏலக்காய்ப் பொட்டலத்துக்குள் வைத்திருக்கிறேன்.